பிரெம்லியின் கூரையைப் பார்க்கப் பலெர்மோ போன கதை

சிசிலிக்குப் போகிறோம், பலெர்மோவுக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம் என்று இந்த ஆண்டு மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் அங்கே போனது 1996 ஏப்ரலில், ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில். அப்போது லிரா புழங்கிய காலம். ஆகவே கீழே வரும் விலைகளை வேடிக்கைக்குப் படித்துக்கொள்ளுங்கள். தூரமும் திசையும் மாறியிருக்காது. நான் போன காரணம் உங்களில் யாருக்கும் இருக்கப்போவதில்லை. ஒரு கூரையைப் பார்க்கப் போனேன்.

நான் கட்டடப் பொறியாளர், கோயம்புத்தூரில் தொழில். அதற்கு முந்தைய ஆண்டு கோத்தகிரிக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து ஊரிலிருந்து என்னைத் தேடி வந்தார்கள். அங்கே விக்டோரியா ராணி காலத்து சர்ச் ஒன்று. அதன் பக்கச் சுவர்கள் இரண்டும் வெளிப்புறமாகச் சாய்ந்துகொண்டிருந்தன. மழைக்காலத்தில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கைவிரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை வெளியே தார்ப்பாய் கட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள்.

காரணம் எளிதுதான். சரிவான கூரை என்பது காலை அகட்டி நிற்கும் மனிதனைப் போன்றது. தரை வழுக்கினால் கால்கள் இன்னும் விலகும். விலகாமல் இருக்க இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குக் கட்டு ஒன்று வேண்டும். அந்த சர்ச்சில் அது இல்லை. மறந்துபோய் விட்டதில்லை, வரைந்தவர் வேண்டுமென்றே விட்டது. அவர் பெயர் நதானியேல் பிரெம்லி. இங்கிலாந்தில் உட்கார்ந்து வரைந்து கப்பலில் அனுப்பியவர், நீலகிரியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவருடைய வரைபடம் சட்டம் போட்டுப் பாதிரியார் அறையில் மாட்டியிருந்தது.

குறுக்கே இரும்புக் கம்பி கொடுத்து இழுத்துக் கட்டலாமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் சுவர் கருங்கல் துண்டுகளை மண் சாந்தில் அடுக்கிய சுவர். கம்பியின் முனையில் ஒரு தகடு வைத்து இழுத்தால், தகடு நிற்கும் இடத்தில் சுவர் பொத்துக்கொண்டு வந்துவிடும். எனவே, இடித்துவிடலாம் என்றுதான் என் அறிக்கை முடிவதாக இருந்தது. ஜூன் மழைக்கு முன் கொடுக்க வேண்டும். சபைச் செயலாளர் தங்கராஜ் தேயிலைத் தொழிற்சாலையில் எழுத்தராக இருந்தவர். அவர் என்னிடம் சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. "நீங்க இடிக்கணும்னு எழுதினா இடிச்சிடுவோம்மா. ஆனா இடிச்சா திரும்பக் கட்ட எங்களால ஆகாது. தகரக் கொட்டகைதான்" என்றார். அந்தப் பேச்சு என்னுடனேயே வந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது பற்றி ரோமில் இரண்டு மாதப் பயிற்சி ஒன்று கிடைத்தது. அங்கே நூலகத்தில் பிரெம்லியைப் பற்றி அரைப் பக்கம் அகப்பட்டது. குறுக்குக் கட்டு இல்லாமல் கூரையின் உட்புறத்தைத் திறந்து வைப்பதில் பிடிவாதக்காரர், ஓரளவு பெயர் பெற்றவர், வட இங்கிலாந்தில் அவருடைய சர்ச் ஒன்றின் கூரை பனிப்பாரத்தில் விழுந்ததும் தொழில் போனது, நுரையீரல் கோளாறால் பலெர்மோவுக்குக் குடிபெயர்ந்தார், அங்கே ஆங்கிலேய ஒயின் வணிகர்களுக்காக ஒரே ஒரு சிறிய சர்ச் கட்டினார், அங்கேயே இறந்தார். அவ்வளவுதான். கூரை விழுந்த பிறகு அந்த மனிதர் எப்படிக் கூரை போட்டிருப்பார் என்று பார்க்க ஆசையாகிவிட்டது. பயிற்சிக்கு ஈஸ்டர் விடுமுறை வந்தது. கிளம்பிவிட்டேன்.

ரோமிலிருந்து பலெர்மோ ரயில் பாதையில் ஏறக்குறைய தொள்ளாயிரம் கிலோமீட்டர். இரவு ரயிலில் ஆறு பேர் படுக்கும் பெட்டியில் எண்பதாயிரம் லிராவுக்குச் சற்றுக் குறைவு. நம் கணக்கில் அப்போது ஆயிரத்து எண்ணூறு ரூபாய் போல. மாலையில் ஏறினால் மறுநாள் காலை இறங்கலாம். இதில் விசேஷம், இத்தாலியின் கால்விரல் நுனிக்குப் போனதும் ரயிலை மூன்று துண்டாக வெட்டிக் கப்பலுக்குள் தள்ளிவிடுவார்கள். கீழே தண்டவாளம், மேலே தளம். பெட்டியிலேயே தூங்குகிறவர்கள் தூங்கலாம். நீங்கள் தூங்காதீர்கள். மேல்தளத்துக்கு ஏறிப் போங்கள். அங்கே அரிசிச் சோற்றை உருண்டை பிடித்துப் பொரித்து விற்பார்கள். உள்ளே என்ன என்று கேட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் வாங்கிக் கடித்து, உள்ளே இருந்த இறைச்சியைப் பக்கத்தில் நின்ற சிப்பாய்க்குக் கொடுத்துவிட்டுச் சோற்றை மட்டும் தின்றேன்.

மெஸ்ஸினாவில் கரை ஏறியதும் ரயில் கடலை ஒட்டியே ஓடுகிறது. வலப்பக்க சன்னல் பார்த்து இடம் பிடியுங்கள். எலுமிச்சைத் தோட்டமும் கடலும் மாறிமாறி வரும். பகேரியாவில் வேலைக்குப் போகிற கூட்டம் ஏறி நடைபாதையெல்லாம் அடைத்துக்கொண்டது. நம் ஊர் மின்சார ரயில் போலத்தான். அங்கிருந்து பதினைந்து நிமிடத்தில் பலெர்மோ.

விடுதி தேடும் வேலை எனக்கு இருக்கவில்லை. ரோமில் ஊருக்கு ஃபோன் பேசும் கடையில் இலங்கை மன்னாரைச் சேர்ந்த ரூபி என்ற பெண் பழக்கமாகியிருந்தாள். நான் பலெர்மோ போகிறேன் என்றதும், "அங்கை என்ரை தங்கச்சி இருக்கிறா. ஏன் ஹோட்டலுக்குக் காசு குடுக்கிறியள்" என்று கடிந்துகொண்டு, அங்கேயே நின்று தங்கைக்கு ஃபோன் போட்டுவிட்டாள். அந்தத் தங்கை பிலோமினா ரயில் நிலைய வாசலில் நின்றாள். முப்பது வயதிருக்கும். சேலை கட்டிய ஒருத்தி இறங்கினால் அது நான்தான் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"சாரதா அக்காவோ? வாங்கோ. பையைத் தாங்கோ. பஸ் இப்ப வந்திடும்."

பேருந்துக்கு ஆயிரத்தைந்நூறு லிரா. முன்னாலேயே சிகரெட் கடையில் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், ஓட்டுநர் தர மாட்டார். பொலிதேயாமாவில் இறங்கினோம். பெரிய அரங்கம், அதைச் சுற்றித் துணிக்கடைகள், அலுவலகங்கள். அங்கிருந்து துறைமுகத்தைப் பார்த்து இரண்டு தெரு நடந்தால் நகரத்தின் முகமே மாறிவிடுகிறது. கயிற்றில் துணி காயும் குறுகிய சந்துகள், மீன் பலகைகள், ஆர்ட்டிசோக் என்கிற கூனைப்பூக் காயைக் குவித்த வண்டிகள். அதுதான் போர்கோ வெக்கியோ. பிலோமினாவும் அவள் கணவன் அன்ரனும் அங்கே இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். அன்ரன் மாலையில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவப் போவான், பகலில் வீட்டில். தவக்காலம் என்பதால் அவர்கள் வீட்டில் இறைச்சி இல்லை, எனக்கு வசதியாயிற்று. பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தின்றுவிட்டு அன்று பிற்பகலே சர்ச்சைத் தேடிப் போனேன்.

தேட வேண்டியிருக்கவில்லை. பொலிதேயாமாவிலிருந்து ஏழெட்டு நிமிட நடை. மஞ்சள் கல்லில் கட்டிய சின்னக் கட்டடம், இரண்டு பக்கமும் ஐந்து மாடி வீடுகள் நெருக்கிக்கொண்டு நின்றன. கதவு பூட்டியிருந்தது. சுவரை ஒட்டி வேலி போட்டு, காரை விழுகிறது, அருகில் வராதீர்கள் என்று பலகை மாட்டியிருந்தார்கள். மாதம் இரண்டு முறை ஆராதனை நடந்துகொண்டிருந்ததாம், காரை விழுந்ததிலிருந்து அதுவும் இல்லை. சன்னல் உயரத்தில் இருந்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. தொள்ளாயிரம் கிலோமீட்டர் வந்து ஒரு பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து சொன்னதும் பிலோமினா சிரித்தாள். "அந்தக் கோயிலோ? அதின்ரை திறப்பு எங்கடை சிஞ்ஞோராவிட்டைத்தான் இருக்கு."

திறப்பு என்றால் சாவி. கோயில் என்றால் சர்ச். இரண்டும் எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

பிலோமினா நான்கு வருடமாக வீட்டு வேலை செய்துவந்த சிஞ்ஞோரா, அதாவது முதலாளியம்மா, ஒயின் வணிகர் குடும்பத்தின் கடைசி ஆள். எண்பது வயது. அப்பா வழியில் ஆங்கிலேயர், அம்மா சிசிலிக்காரி. பொலிதேயாமாவுக்குப் பின்னால் பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். மறுநாள் பிலோமினா வேலைக்குப் போகும்போது என்னையும் அழைத்துப் போனாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிறிஸ்துமஸிலிருந்து ஓடவில்லை. சிஞ்ஞோராவுக்கு முழங்கால் மடங்காது. மூன்று மாதத்துக்கு மேலாக அவர் தெருவில் இறங்கவில்லை.

உயரமான, மெலிந்த பெண்மணி. என் சேலையைத் தொட்டுப் பார்த்து, பருத்தியா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "சாவி என் பொறுப்பில் இருக்கிறது. யார் தலையிலாவது கல் விழுந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். நான் கூட இல்லாமல் யாரையும் உள்ளே விட மாட்டேன். நான் எப்படி வருவது, நீங்களே சொல்லுங்கள்."

சரி என்று எழுந்தேன். உட்காருங்கள் என்றார். பிரெம்லியைக் கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு யாரும் வந்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். பிலோமினா காப்பி கொண்டுவந்தாள். சிஞ்ஞோரா பேச ஆரம்பித்தார்.

சர்ச் கட்டச் சொன்னது சிஞ்ஞோராவின் பாட்டியுடைய தந்தை. பாட்டி அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுமி, பிரெம்லியிடம் படம் வரையக் கற்றுக்கொண்டவர். பிரெம்லி ஒரு தச்சரின் மகன். ஆராதனைக்கு வருகிறவன் தலையை நிமிர்த்தினால் கூரை முகடு வரை பார்வை தடையில்லாமல் போக வேண்டும், நடுவில் கட்டையோ கம்பியோ குறுக்கிடக் கூடாது என்பது அவருடைய வைராக்கியம். அப்படியே கட்டிக் கட்டிப் பெயர் வாங்கினார். வட இங்கிலாந்தில் கூரை விழுந்தது ஒரு வார நாளில். உள்ளே மெழுகுவத்தித் தண்டுகளைத் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு இடது கால் போயிற்று.

"இங்கே வந்த பிறகும் முதலில் அதே போல வெறும் கூரைதான் வரைந்தார்" என்றார் சிஞ்ஞோரா. "பாட்டியின் அப்பா கேட்டாராம், இது விழாது என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா என்று. அவர் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். சில வாரம் ஒன்றும் வரையவில்லை. ஊரைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தாராம்."

"பிறகு?"

"பிறகு வேறு படம் கொண்டுவந்தார். குறுக்கே ஐந்து இரும்புக் கம்பி. அழகு குறைந்துவிட்டதே என்று எல்லோரும் சொன்னார்கள். ஆமாம், குறைந்துவிட்டது என்றாராம். அவ்வளவுதான்."

அதோடு நிற்கவில்லை அவர். சர்ச் முடிந்ததும் ஒவ்வொரு கோடையிலும் இங்கிலாந்துக்குப் போனார். தான் கட்டிய ஊர்களுக்கெல்லாம் போய், கூரைக்குக் கம்பி போட அனுமதி கேட்டார். செலவு தன்னுடையது என்றார். சில பாதிரிமார் ஒத்துக்கொண்டார்கள். சிலர், எங்கள் சர்ச் நன்றாகத்தான் இருக்கிறது, கெடுக்க வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர்களிடம் அடுத்த கோடையில் மறுபடி போய் நின்றார். காலை இழந்த பெண்ணின் வீட்டுக்கும் போனார். கதவு திறக்கவில்லை. அடுத்த வருடமும் போனார். திறக்கவில்லை.

"அதற்கடுத்த வருடம்?" என்று கேட்டேன்.

"பாட்டிக்குத் தெரியவில்லை" என்றார் சிஞ்ஞோரா. "இங்கிலாந்துக்கு வெளியே இருந்தவற்றுக்கு மட்டும் கடைசிவரை அவரால் போக முடியவில்லை. மால்டாவில் ஒன்று, இந்தியாவில் ஒன்று. அதற்குள் உடம்பு மோசமாகி, வைத்தியர் விடவில்லை. கையில் பணமும் மிச்சமில்லை."

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "இந்தியாவில் இருப்பதற்காகத்தான் வந்திருக்கிறேன், அம்மா" என்றேன். சாய்ந்துகொண்டிருக்கும் சுவரைப் பற்றியும், தார்ப்பாயைப் பற்றியும், நான் எழுதவிருந்த அறிக்கையைப் பற்றியும் சொன்னேன். அவர் சன்னல் பக்கம் பார்த்தார். பிறகு பழையபடி, "நான் கூட வராமல் விட முடியாதே" என்றார். குரலில் முன்பிருந்த விறைப்பு இல்லை.

பிலோமினா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, அவ ஏலாது எண்டு சொல்லேல்லை. தான் வராமல் விடமாட்டன் எண்டுதானே சொன்னவ. அப்ப அவவையும் கொண்டுபோனாச் சரிதானே?"

"மூணு மாடிங்க. எப்படிக் கொண்டுபோறது?"

"கதிரையோடை தூக்குவம். அன்ரன் இருக்கிறார். சந்தையிலை தொத்தோ எண்டு மரக்கறிக்காரன் ஒருத்தர் இருக்கிறார், நல்ல பலசாலி. நான் கதைக்கிறன். அவவுக்கு வெளியிலை போக எவ்வளவு ஆசை தெரியுமோ? ஒவ்வொரு நாளும் நான் போகேக்கை, தெருவிலை என்ன நடக்குது எண்டுதான் கேக்கிறவ."

அவள் சிஞ்ஞோராவிடம் இத்தாலியனில் அதைச் சொன்னபோது, கிழவி கோபித்துக்கொண்டு எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. படி இறங்கும்போது முகம் எந்தப் பக்கம் பார்த்திருக்கும்? முன்பக்கம் என்றாள் பிலோமினா. அப்படியானால் சரி என்றார்.

புதன்கிழமை காலை நாங்கள் போனபோது சிஞ்ஞோரா தொப்பி, கையுறை சகிதம் தயாராக இருந்தார். கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பில் ஒரு படுக்கை விரிப்பைச் சுற்றிக் கட்டினோம். மேல்பக்கம் அன்ரன், கீழ்ப்பக்கம் தொத்தோ. தொத்தோவுக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை, தலை நேராகத் தோளிலேயே இருந்தது. நானும் பிலோமினாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். சலவைக்கல் படிகள், நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியை இறக்கி இளைப்பாறினோம். இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்து, ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். சிஞ்ஞோரா அவளுக்குத் தலையசைத்துக் காலை வணக்கம் சொன்னார்.

"கையை விடாதேங்கோ அக்கா" என்றான் அன்ரன். "பயமில்லை. நாங்கள் கலியாண வீட்டிலை மாப்பிள்ளையையே தூக்கினாக்கள்."

கீழே தொத்தோவின் வண்டி நின்றது. நம் ஊரிலும் காய்கறிச் சந்தையில் ஓடுகிறதே, மூன்று சக்கரச் சுமை ஆட்டோ, அதேதான். பின்னால் கூனைப்பூப் பெட்டிகளை ஒதுக்கி நாற்காலியை ஏற்றிக் கட்டினார்கள். பிலோமினா பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டாள். சிஞ்ஞோரா ஒரு கையால் தொப்பியை அழுத்திக்கொண்டு, பொலிதேயாமாவின் கடைத்தெருக்களில் ஊர்வலம் போனார். நானும் அன்ரனும் பின்னால் நடந்தோம். அந்த வாரம் பலெர்மோவில் எல்லாச் சந்திலும் பெரிய வெள்ளிக்கான சுருவங்களை, அதாவது சிலைகளை, துடைத்து வைத்திருந்தார்கள். தெருவில் சிலர், இதுவும் ஏதோ சடங்கு என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பூட்டைச் சிஞ்ஞோராவே திறந்தார். வேலி போட்ட பக்கத்தை விட்டு, மறுபக்கத்துச் சின்னக் கதவு வழியாக உள்ளே போனோம். ஈரமும் மெழுகும் கலந்த வாசனை. நான் அண்ணாந்து பார்த்தேன். மலையில் இருக்கும் அதே கூரை. அதே வளைவு, அதே மரக்கட்டு, முகட்டில் அதே செதுக்கல். குறுக்கே மட்டும் ஐந்து கறுத்த கம்பிகள், சுவருக்குச் சுவர். உண்மையைச் சொன்னால் பார்வைக்கு நன்றாக இல்லைதான். ஒரு நல்ல முகத்தில் யாரோ ஐந்து கோடு போட்டதைப் போல இருந்தது.

பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். "மாதா எங்கை?"

"அவங்க சபைல மாதா சிலை வைக்கிறதில்லைங்க."

"மாதா இல்லாமல் என்ன கோயில்" என்று முணுமுணுத்துவிட்டு, சிஞ்ஞோராவின் நாற்காலியைத் தூசி துடைத்து முன்வரிசைக்குப் பக்கத்தில் போட்டாள். சிஞ்ஞோரா மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வேண்டியது கம்பி இல்லை, கம்பி சுவரைத் தாண்டி வெளியே போய் என்ன செய்கிறது என்பது. மணிக்கூண்டுக்குள் சுருள் படி இருந்தது. புறா எச்சத்தில் வழுக்கி வழுக்கி ஏறினேன். மேலே கூரை ஓரமாகத் தண்ணீர் ஓடும் கால்வாய், ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். அங்கிருந்து குனிந்து, காரை விழுந்த இடத்தைப் பார்த்தேன்.

அங்கே தகடு இல்லை. கூரைக்குக் கீழே சுவரின் முழு நீளத்துக்கும் அகலமான இரும்புப் பட்டை ஒன்று ஓடியது. ஐந்து கம்பிகளும் அந்தப் பட்டையில் வந்து முடிந்தன. பட்டையின் மேல் காரை பூசி மறைத்திருந்தார்கள், காரை விழுந்ததால் வெளியே தெரிந்தது. ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்தால் பொத்துக்கொள்ளும் சுவர், முழு நீளத்தையும் சேர்த்து அணைத்து இழுத்தால் பொத்துக்கொள்ளாது. சுவர்க் கல்லைக் கட்டைவிரலால் தேய்த்தேன். மாவாக உதிர்ந்தது. எங்கள் மலைச் சுவரை விடவும் மோசமான கல். நூறு வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறது. என்னிடம் தூக்குக்குண்டு இருந்தது, நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். சுவர் நேராக இருந்தது.

அப்படியே உட்கார்ந்து பட்டையின் அகலம், கனம், முடுக்கிய விதம் எல்லாவற்றையும் அளந்து வரைந்துகொண்டேன். அங்கே உட்கார்ந்து பார்த்தபோதுதான் எதிர்வீட்டுச் சுவர்கள் கண்ணில் பட்டன. அந்த ஊரில் பழைய வீடுகள் எல்லாவற்றிலும், சன்னலுக்கும் சன்னலுக்கும் நடுவே, கம்பி முனைகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. நிலநடுக்கத்துக்குப் பயந்து வீடுகளை இழுத்துக் கட்டிய ஊர் அது. பிரெம்லி படம் வரையாமல் வாரக்கணக்கில் நடந்தபோது இதையெல்லாம்தான் பார்த்திருப்பார் என்று எனக்குப் பட்டது. ஊகம்தான்.

கீழே வந்தபோது என் சேலை முழுக்கப் புறா எச்சம். சிஞ்ஞோராவிடம், "எங்கள் ஊர் சர்ச்சை இடிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன், அம்மா" என்றேன்.

"நினைக்கிறீர்களா, தெரியுமா?"

"கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்."

"அப்படியானால் போய்ப் போடுங்கள்" என்றார். பிறகு பிலோமினாவிடம் திரும்பி இத்தாலியனில் ஏதோ சொன்னார். பிலோமினா சிரித்தாள். "வீட்டை போக மாட்டாவாம். காப்பி குடிக்கோணுமாம்."

அன்று பொலிதேயாமாவில் ஒரு காப்பிக் கடை வாசலில் தொத்தோவின் வண்டி ஒரு மணி நேரம் நின்றது. தொத்தோ அங்கேயே கூனைப்பூ விற்றார். போகிறவர் வருகிறவர் பலர் சிஞ்ஞோராவைக் கண்டு நின்று பேசினார்கள். சிலர் அவர் இறந்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள் போல, அதை மறைக்கவும் தெரியவில்லை அவர்களுக்கு. அன்ரன் மேலே ஏற்றும்போதுதான் கஷ்டப்பட்டான். படியில் பார்த்த அந்த இரண்டாம் மாடிப் பெண்ணும் அவள் மகனும் வந்து கை கொடுத்தார்கள். லிஃப்டுக்கு யார் செலவு செய்வது என்று வீட்டுக்காரர்களுக்குள் இருந்த இழுபறி அடுத்த மாதம் தீர்ந்துவிட்டதாகப் பிலோமினா பின்னால் ஃபோனில் சொன்னாள். "வெக்கப்பட்டுப் போச்சினம் அக்கா" என்றாள்.

வியாழக்கிழமை கடலோரமாக இருக்கும் வெளிநாட்டவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பொலிதேயாமாவிலிருந்து துறைமுகத்தை ஒட்டி வடக்கே நடந்தால் முக்கால் மணி நேரம், பேருந்தும் உண்டு. பிரெம்லியின் கல் சிறியது. பெயர், அதற்குக் கீழே கட்டடக் கலைஞர் என்ற ஒற்றைச் சொல். பூ வாங்கிப் போகாமல் விட்டேனே என்று இருந்தது. பெரிய வெள்ளி மாலை பிலோமினா வீட்டாரோடு போர்கோ வெக்கியோவில் ஊர்வலம் பார்த்தேன். சிசிலிக்காரர்கள் முன்னால் இயேசுவின் சுருவத்தைத் தூக்கிப் போக, பின்னால் நம் ஆட்கள் தமிழில் பாடிக்கொண்டு போனார்கள். அன்று இரவு ரயிலில் ரோம் திரும்பினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பலெர்மோவுக்கு நான்கு நாள் வையுங்கள். பேராலயத்தையும் தங்க மொசைக்கையும் எல்லோரும் சொல்வார்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாதி நாள் பகேரியாவின் பழைய மாளிகைகளுக்குப் போய் வாருங்கள், ரயில் அடிக்கடி உண்டு. பிற்பகலில் கடைகள் மூடிவிடும், அந்த நேரத்துக்கு எதையும் திட்டமிடாதீர்கள். தங்குவதற்குப் பொலிதேயாமா பக்கம் வசதி. சாப்பாட்டுக்குப் போர்கோ வெக்கியோ சந்தை. அங்கே தமிழ் காதில் விழுந்தால் நின்று பேசுங்கள், வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டார்கள். பூட்டிய கட்டடம் ஏதாவது பார்க்க வேண்டுமானால் கட்டடத்தின் முன்னால் நின்றுகொண்டிருக்காதீர்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

மலைக்குத் திரும்பிய பிறகு நடந்ததையும் கேட்பீர்கள். கணக்கு சரியாக வந்தது. மே மாதம் அறிக்கை கொடுத்தேன், இடிக்க வேண்டாம் என்று. அந்த மழைக்காலம் முழுவதும் சுவர்களுக்கு யூகலிப்டஸ் மரத்தால் முட்டுக்கொடுத்து வைத்தோம். மழை நின்றதும் கோயம்புத்தூர் பட்டறை ஒன்றில் பட்டையும் கம்பியும் செய்து ஏற்றிப் போனோம். ஒரேயடியாக இழுக்காமல், வாரத்துக்கு ஒரு முறை சிறிது சிறிதாக முடுக்கினோம். பொங்கல் கழிந்த வாரத்தில் தங்கராஜ் கூரைக்கும் சுவருக்கும் இடையில் விரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. அவர் விரலை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார்.

சபையில் சிலருக்குக் கம்பிகள் பிடிக்கவில்லை. கூரையின் அழகே போச்சு என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். போய்விட்டதுதான் என்றேன். அந்த ஆண்டு அறுப்புப் பண்டிகைக்கு என்னை அழைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்து பார்த்தால், தோட்டத்துப் பெண்கள் ஏணி வைத்து ஏறி, அந்தக் கம்பிகளில் வாழைத்தாரும் கரும்பும் மக்காச்சோளக் கொத்தும் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். தாங்குமா அம்மா என்று கேட்டாள் ஒருத்தி, மேலே இருந்தபடியே, கையில் ஒரு பூசணிக்காயோடு. தாங்கும், கட்டு என்றேன்.